ரைஸ்மில் களத்தில் ஓடிய 390: வீட்டில் கட்டிய காரில் பைக் எஞ்சின் பொருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

பைக் எஞ்சினைக் காருக்குள் உட்கார வைப்பதை ஒரு நல்ல வெல்டர் இரண்டு நாளில் முடித்துவிடுவார். உட்கார்ந்த பிறகு அந்தக் கார் எஞ்சினிடம் என்னென்ன கேட்கிறது என்பதில்தான் மாதங்கள் போகின்றன. பைக் எஞ்சினிடம் யாரும் இதுவரை பின்னால் போகச் சொன்னதில்லை. சாயாமல் வளையச் சொன்னதில்லை. அரை டன்னை நின்ற இடத்திலிருந்து இழுக்கச் சொன்னதும் இல்லை. டெல்டாவில் நடந்த இந்த வேலை முழுவதும் இந்த மூன்றையும் சுற்றியே ஓடியது.

இடம், நீடாமங்கலம் பக்கம் நெல் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறை. வேலையைத் தூக்கிச் சுமந்தவர் பட்டறைக்காரர். காரைக் கனவு கண்டது அவருடைய அக்கா மகன், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பையன். நான் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஆளாக உள்ளே போனவன். சம்பா அறுப்பு முடிந்து பெல்ட் வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான் பட்டறையில் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதனால் வேலை கோடையில் நடந்தது. அடுத்த குறுவை அறுப்பு தொடங்கியதும் அப்படியே நின்றது. மறு கோடையில் மறுபடி ஆரம்பித்தது.

கார் என்றால் இரண்டு பேர் உட்காரும், கூரையில்லாத, முதுகெலும்பு வெளியே தெரியும் வண்டி. 1957இல் இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் வந்த நாளிலிருந்து வீட்டில் கார் கட்டுபவர்கள் திரும்பத் திரும்பப் போகும் வடிவம் அது. அந்தக் காலத்தில் அங்கே முழுக் காராக வாங்கினால் விற்பனை வரி இருந்தது, பெட்டியில் பாகங்களாக வாங்கினால் இல்லை. கிட் கார் என்ற பழக்கம் தழைத்ததில் அந்த வரிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பையனுக்குப் பெட்டி எதுவும் வரவில்லை. ஒரு இன்ச் ஸ்கொயர் பைப், 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டர் கனம், கும்பகோணத்தில் வாங்கியது. முன்பக்க டிஸ்க் பிரேக், ஸ்டியரிங் ரேக், 12 அங்குலச் சக்கரங்கள், ஆக்சில்கள் எல்லாம் உடைப்புக்கு வந்த ஒரு மாருதி 800இலிருந்து. எஞ்சின், விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய ஒரு முதல் தலைமுறை கேடிஎம் 390 டியூக் பைக்கிலிருந்து.

எந்த எஞ்சின்

பட்டறைக்காரருக்கு மனசெல்லாம் புல்லட் மேல். 346 சிசி, 70க்கு 90 என்று நீண்ட ஸ்ட்ரோக், கீழ் சுற்றிலேயே இழுக்கும். நான் கேட்ட கேள்வி வேறு. கையில் முழு மாருதி 800 கிடக்கிறது. அதில் எஞ்சின் இருக்கிறது, கியர்பாக்ஸ் இருக்கிறது, ரிவர்ஸும் இருக்கிறது. அதையே வைத்தால் என்ன? கோயம்புத்தூர் கரிவரதன் 1980களின் கடைசியில் ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டியபோது 800 எஞ்சினைத்தானே வைத்தார்?

கணக்கும் அந்தப் பக்கமே சாய்ந்தது. 800இன் எஞ்சின் 37 குதிரைத்திறன், 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதுவும் 2,500 சுற்றிலேயே கிடைத்துவிடும். 390 டியூக் 373 சிசி ஒற்றை சிலிண்டர், 43 குதிரைத்திறன், ஆனால் முறுக்குவிசை 35தான். அதன் உச்சத்துக்கு 7,000 சுற்றைத் தாண்ட வேண்டும். திறன் ஏறக்குறைய ஒன்று, இழுவை பாதிக்குக் கொஞ்சம் மேல்.

“சார், 800 எஞ்சின வச்சா அது பழைய 800தான. அதுக்கு எதுக்கு நான் கார் கட்டணும்?” என்றான் பையன். இதற்குக் கணக்கில் பதில் கிடையாது. ஆனால் அவன் பக்கம் ஒரு நல்ல நியாயமும் இருந்தது. டியூக்கின் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாம் ஒரே கூட்டில் சேர்ந்து 36 கிலோ. ஒருவர் தூக்கி மேஜையில் வைக்கலாம். 800இன் செட்டைத் தூக்கச் செயின் பிளாக் வேண்டும்.

எங்கே வைப்பது, எதில் கட்டுவது

சீட்டுக்குப் பின்னால். இதில் விவாதமே எழவில்லை, செயினே முடிவு செய்துவிட்டது. எஞ்சின் முன்னால் இருந்தால் செயினைப் பின் அச்சு வரை இழுக்க முடியாது. நடுவில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போட வேண்டிவரும். 1946இல் இங்கிலாந்தில் கூப்பர் அப்பாவும் மகனும் 500 சிசி ஜேஏபி பைக் எஞ்சினை வைத்து ரேஸ் கார் கட்டியபோதும் இதே காரணத்துக்காகத்தான் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் தள்ளினார்கள். செயினுக்காகச் செய்த அந்த வேலை வளர்ந்து, 1959இல் ஜாக் பிராபம் பின்பக்க எஞ்சின் கூப்பரில் உலகச் சாம்பியன் ஆனார். சில வருடங்களுக்குள் ஃபார்முலா ஒன்னில் முன்பக்க எஞ்சினே காணாமல் போனது.

செயின் விஷயத்தில் பட்டறைக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அறுவடை இயந்திரத்துக்குள் திரும்பிய பக்கமெல்லாம் செயினும், அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும்தான். நூல் பிடித்து இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் ஒரே கோட்டில் நிறுத்துவதை அவர் கண்ணாலேயே செய்வார். ஆனால் எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டை மட்டும் கார் பழக்கத்தில் செய்துவிட்டார். 3 மில்லிமீட்டர் தகடு, நடுவே ரப்பர் புஷ். அதிர்வு சேசிஸுக்கு ஏறக் கூடாது என்பது அவர் எண்ணம்.

முதல் கியரில் அந்தச் செயின் எவ்வளவு இழுக்கும் என்று பார்ப்போம். 35 நியூட்டன் மீட்டர், எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவே உள்ள பல்சக்கர ஜோடியான பிரைமரியில் 2.67 மடங்கு, முதல் கியரில் இன்னொரு 2.67 மடங்கு. கியர்பாக்ஸ் வெளியே வரும்போது 249. 14 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 36 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் வகுத்தால் செயினில் சுமார் 700 கிலோ இழுவை. அந்த 700 கிலோவும் எஞ்சினின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. ரப்பர் புஷ் நசுங்கியது, எஞ்சின் கோணலாகத் திரும்பியது, செயின் பல்லைத் தாண்டிக் குதித்தது. பைக்கில் எஞ்சினை ஃபிரேமோடு நேரடியாக போல்ட் போட்டு இறுக்கியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

திருத்தம் எளிது. 6 மில்லிமீட்டர் தகட்டில் புதிய பிராக்கெட், ரப்பர் கிடையாது. எஞ்சின் பிராக்கெட்டும், வளைவில் இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃப்ரன்ஷியலின் கூடும் ஒரே முக்கோணக் கட்டில். செயின் இழுக்கும்போது இழுபடுவது அந்தக் கட்டு மட்டும், சேசிஸுக்கு அதில் பங்கு இல்லை. அதிர்வு வந்தது. சீட்டில் உட்கார்ந்தால் பல் கூசும். அதைப் பையன் ஏற்றுக்கொண்டான்.

ஒரு சின்னக் குறிப்பு. டெல்டாவில் பம்ப்செட் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் வெல்டிங் மேலே அழகாகத் தெரியும், உள்ளே ஊறியிருக்காது. இந்த முக்கோணக் கட்டை மட்டும் இரவில் வெல்டிங் வைத்தார்கள்.

டிஃப்ரன்ஷியல்

முதலில் கோ-கார்ட் மாதிரி ஒரே ஷாஃப்ட், இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். நேராகப் போகும்போது குறை சொல்ல முடியாது. திருப்பினால் இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும் என்பதால் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நேரே போகும். மண்ணில் டயர் வழுக்கிச் சமாளிக்கும், சிமெண்டில் முடியாது. அந்த யோசனை அங்கேயே கைவிடப்பட்டது.

பிறகு 800இன் டிரான்ஸ்மிஷனைப் பிரித்து டிஃப்ரன்ஷியலை மட்டும் வெளியே எடுத்தார்கள். அதன் பெரிய பல்சக்கரத்தைக் கழற்றி, அந்த ஃபிளேஞ்சில் 52 பல் ஸ்ப்ராக்கெட். லேத்தில் கடைந்த இரண்டு மூடிகளுக்கு நடுவே பேரிங், ஆயில் சீல். உள்ளிருக்கும் சின்னப் பல்சக்கரங்களுக்கு ஆயில் வேண்டும் என்பதால் மூடிய கூடு கட்டாயம். தாங்குமா என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. 249ஐ 52/14ஆல் பெருக்கினால் 925 நியூட்டன் மீட்டர். 800இல் முதல் கியரும், சக்கரத்துக்கு முந்தைய கடைசிப் பல்சக்கர ஜோடியான ஃபைனலும் சேர்ந்து 15 மடங்கு வாக்கில் வரும். 59ஐ அதால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண். பிறந்த வீட்டில் சுமந்ததைத்தான் இங்கேயும் சுமக்கிறது.

இதில் கிடைத்த எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. பைக்கில் பின் சக்கரம் ஏறி இறங்கும்போது செயின் தொய்வு மாறும். இங்கே டிஃப்ரன்ஷியல் சேசிஸோடு நிற்கிறது, ஏற்ற இறக்கத்தை ஆக்சில் பார்த்துக்கொள்கிறது. செயின் தொய்வை ஒரே அளவில் வைக்கலாம்.

கிளட்ச்: வேலையின் மையம்

முதல் ஓட்டம் பையன் கேட்டபடி பைக்கின் சொந்த 15/45 ஸ்ப்ராக்கெட் கணக்கில்தான், அதாவது எஞ்சின் பக்கம் 15 பல், சக்கரப் பக்கம் 45 பல். நெல் எடை போடும் மேடையில் ஏற்றிப் பார்த்ததில் கார் 360 கிலோ. இரண்டு பேர் உட்கார்ந்தால் 500. களத்தில் கொஞ்ச நேரம் எடுப்பதும் நிறுத்துவதுமாக ஓட்டியதுமே கிளட்ச் வாசனை வந்துவிட்டது. பிளேட்டை எடுத்துப் பார்த்தால் நீலம் பாய்ந்திருந்தது.

“ரேஸ் பிளேட் வாங்கிப் போட்டா சரியாயிடும் மாமா.”

“மாப்ளே, பிளேட்டு போனதுக்குக் காரணம் பிளேட்டா? கொஞ்சம் யோசி.”

மாமா சொன்னது சரி. நின்ற வண்டியை எடுக்கும்போது கிளட்ச் வழுக்கிக்கொண்டே பிடிக்கிறது. பிடித்து முடியும் நேரத்தில் வண்டி பெற்றிருக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, ஏறத்தாழ அதே அளவு வெப்பம் கிளட்சுக்குள் போயிருக்கும். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அந்த ஆற்றல். எடை அப்படியே பெருக்கும், வேகம் வர்க்கமாகப் பெருக்கும். சாவி இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

4,000 சுற்றில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டியூக் பைக் ஓட்டுநரோடு 230 கிலோ, முதல் கியரில் அந்தச் சுற்றில் மணிக்கு 21.6 கிலோமீட்டர். கிளட்சுக்குள் போகும் வெப்பம் சுமார் 4.1 கிலோஜூல். அதே ஸ்ப்ராக்கெட்டோடு காரில், சக்கரம் சின்னது என்பதால் வேகம் 18 கிலோமீட்டர். ஆனால் எடை 500 என்பதால் 6.2 கிலோஜூல். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஒன்றரை மடங்கு. இப்போது 14/52 போட்டுப் பார்ப்போம். அதே 4,000 சுற்றில் கார் 14.5 கிலோமீட்டரில்தான் இருக்கும். வெப்பம் 4.1 கிலோஜூல். பைக்கில் பட்ட பாட்டைத்தான் காரிலும் படுகிறது. புது பிளேட் எதுவும் தேவைப்படவில்லை, கம்பெனி பிளேட் போதும்.

இதற்குக் கொடுக்கும் விலை மேல் வேகம். ஆறாவது கியரில் 9,000 சுற்றில் 15/45 என்றால் கணக்குப்படி 129 கிலோமீட்டர். 14/52இல் 104. பையன் முகம் வாடியது உண்மை. “நூத்தி முப்பதுல எங்கடா போவ, ரைஸ்மில் சுவத்துக்கா?” என்று மாமா கேட்ட பிறகு பேச்சு முடிந்தது.

சக்கரத்தின் அளவும் கிளட்சைக் காப்பாற்றுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பார்வைக்காக 15 அங்குல அலாய் மாட்டும் ஆசை பையனுக்கு இன்னமும் உண்டு. மாட்டினால் ஸ்ப்ராக்கெட்டில் சம்பாதித்ததில் பெரும்பங்கு கரைந்துவிடும்.

சாயாத வண்டியில் ஆயில்

கிளட்ச் பிரச்சினை வாசனையில் தெரிந்துவிடும். ஆயில் பிரச்சினை தெரியாமலே எஞ்சினைத் தின்றுவிடும். களத்தில் பெரிய வட்டமாக ஒரே பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கியது. நேராக வந்ததும் அணைந்தது. பையன் வயரிங் கோளாறு என்று நினைத்தான்.

சைக்கிள் ஹேண்டிலில் தொங்கும் தூக்குவாளியில் பால் திருப்பத்தில் சிந்தாது, வாளியே சாய்ந்து கொடுக்கும். அதே வாளியை மாட்டுவண்டித் தட்டில் வைத்தால் முதல் திருப்பத்திலேயே சிந்திவிடும். பைக் எஞ்சின் தூக்குவாளி வாழ்க்கை வாழ்ந்தது. வளையும்போது வண்டி எவ்வளவு சாய்கிறதோ அதே அளவு விசையும் சாய்வதால், எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலுக்குத் தான் வளைவில் போவதே தெரியாது. கார் சாய்வதில்லை. 10 மீட்டர் ஆரத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால் பக்கவாட்டு விசை 0.7 ஜி, அதாவது புவியீர்ப்பில் 0.7 பங்கு. ஆயிலின் மேல்மட்டம் 35 பாகை சரிந்து நிற்கும். பம்ப்பின் உறிஞ்சுவாய் அந்தச் சரிவில் காற்றை உறிஞ்சினால் பிரஷர் விழும். தொடர்ந்து சுற்றினால் பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் போய்விடும்.

கார் எஞ்சின் என்றால் ஆயில் பேனைக் கழற்றித் தடுப்புத் தகடு வெல்டிங் வைப்பார்கள். இங்கே அதற்கு எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸையே பிரிக்க வேண்டும், ஓடும் எஞ்சினை அதற்காகத் திறக்க மாமா ஒப்பவில்லை. செய்தது மூன்று. எஞ்சின் பைக்கில் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருந்ததோ அதே கோணத்துக்குத் திரும்ப நிறுத்தினார்கள். செயின் கோட்டுக்காக அதைக் கொஞ்சம் பின்னால் சாய்த்திருந்தார்கள், அதனால் ஆயில் மட்டம் பார்க்கும் கண்ணாடியே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஆயிலை மேல் கோடு வரை நிரப்பி, அதற்கு மேலும் சிறிது விட்டார்கள். சின்ன ஆயில் விளக்கைக் கழற்றி, ஸ்டியரிங் எதிரே பெரிய சிவப்பு விளக்கும் ஒரு பஸ்ஸரும் வைத்தார்கள். எட்டுப் போடலாம், ஒரே பக்கமாக நீண்ட வட்டம் அடிக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம் ஆனது. என் பார்வையில் இது முழுத் தீர்வு அல்ல. இந்த வண்டியை என்றாவது ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோவதானால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

இதே வேலையைத் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: எஞ்சினைப் பைக்கிலிருந்து இறக்கும் முன், பைக்கை நேராக நிறுத்தி, போனை கிராங்க்கேஸ் மேல் வைத்துச் சாய்வை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு அந்த எண் எங்கும் கிடைக்காது.

ரிவர்ஸ்

ஆட்டோரிக்ஷா கியர்பாக்ஸை நடுவில் போடலாமா என்று ஒரு பேச்சு வந்து போனது. கடைசியில் எடுத்தது பைக் எஞ்சின் கார்களில் வெளிநாட்டிலும் பழக்கத்தில் இருக்கும் வழி. 800இன் ஃப்ளைவீலிலிருந்து ரிங் கியரைக் கழற்றி டிஃப்ரன்ஷியல் ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து மாட்டினார்கள். 800இன் ஸ்டார்ட்டர் மோட்டாரை அதற்கு எதிரே, பின்புறமாகச் சுற்றும் திசையில் நிறுத்தினார்கள். கியர் நியூட்ரலில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் கார் ஆள் ஓடும் வேகத்தில் பின்னால் போகும்.

சமதளத்தில் நன்றாகவே போகிறது. ஆற்றங்கரையிலிருந்து இறங்கும் சரிவு மாதிரி ஓர் இடத்தில் பின்பக்கமாக ஏறச் சொன்னால் முனகி நின்றுவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் சில விநாடி வேலைக்குச் செய்தது. அதிகம் அழுத்தினால் சூடேறும், பேட்டரியும் இறங்கும். டியூக்கின் சின்ன பேட்டரி இதற்குப் போதாது, கார் பேட்டரி வைத்தாயிற்று. முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது பொத்தான் பட்டால் ஸ்டார்ட்டரின் பல் சிதறும். அதனால் நியூட்ரல் விளக்கு எரிந்தால் மட்டும் மின்சாரம் போகும்படி ரிலே, பொத்தானுக்கு மேல் தூக்கித் திறக்கும் மூடி.

மிச்ச வேலைகள்

கூலிங்: சீட்டுக்குப் பின்னால் காற்று வராது. டியூக் ரேடியேட்டரைப் பக்கவாட்டில் வைத்து, காற்றைத் திருப்பும் தகடும் எப்போதும் ஓடும் ஃபேனும் போட்டதில் சித்திரை வெயிலிலும் தாங்கியது. வயரிங் கிட்டை ஒரு கம்பிகூட வெட்டாமல் அப்படியே எடுத்து மாட்டினார்கள், அது புத்திசாலித்தனம். சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், வண்டி கவிழ்ந்தால் எஞ்சினை அணைக்கும் சென்சார் இரண்டும் தங்கள் நிலையில் இருந்தால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். கவிழ்வு சென்சாரைப் படுக்க வைத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு.

கியர் மாற்ற வலது கைப்பக்கம் ஒரு லீவர், நீண்ட கம்பி, இரண்டு முனையிலும் பால் ஜாயிண்ட். முன்னால் தள்ளினால் கீழ் கியர், பின்னால் இழுத்தால் மேல் கியர். நன்றாக வேலை செய்கிறது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நியூட்ரலைப் பிடிப்பது மட்டும் இன்னும் வித்தைதான், அது கிடைக்காவிட்டால் ரிவர்ஸும் கிடையாது. பிரேக் முழுக்க 800இனுடையது. வேக்யூம் பூஸ்டர் இல்லாததால் பெடலை நீட்டி லீவரேஜ் கொடுத்திருக்கிறார்கள்.

ரோடு

இந்த வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. பிரிட்டனில் தனி ஆள் கட்டிய ஒற்றைக் காரைச் சோதித்து ரோட்டுக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. இங்கே புது மாடல் வண்டி மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி புனேயிலோ ஒரகடத்திலோ உள்ள சோதனை மையம் போன்ற இடங்களில் முழுச் சோதனைகளைத் தாண்டி வர வேண்டும். அந்தச் செலவு ஒரு கம்பெனி தாங்கும் செலவு. பதிவான காரில் எஞ்சினை மாற்றி ஓட்டலாமே என்று நினைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே பட்டறையிலிருந்து ரைஸ்மில் களத்துக்கு, அறுவடை இயந்திரம் ஏற்றும் லாரியில்தான் கார் போகிறது. நெல் காயும் காலத்தில் களம் கிடைக்காது. மில்காரர் மாமாவுக்கு வேண்டியவர் என்பதால் மற்ற காலத்தில் மறுப்பதில்லை.

எஞ்சின் வாங்கியபோது மாமா பிடிவாதமாக ஒன்றைச் செய்தார். விற்றவரிடம் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் எழுதிய ரசீது, பழைய ஆர்சி ரத்தான காகிதத்தின் நகல். பையனுக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது. பழைய உதிரி வாங்கி விற்கும் தொழிலில் திருட்டு வண்டி எஞ்சின் கைக்கு வந்து ஸ்டேஷன் ஏறியவர்களை மாமாவுக்குத் தெரியும். அந்த ரசீது இப்போது லேமினேஷன் போட்டு காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அடுத்த கோடைக்கு வைத்திருக்கும் வேலை, ஓட்டுபவரின் முதுகுக்கும் செயினுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இரும்புத் தடுப்பு. அது வரும்வரை இரண்டாவது சீட்டில் யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.